அமைச்சர் ஊட்டுக்காரர்

இந்தத் தேர்தலில் தான் நிற்கப்போவதில்லை என்று குழந்தையம்மாள் சொன்னபோது சுப்பண்ணனுக்கு வந்த சந்தோஷத்தை மறைக்க, காப்பி டம்ளரை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. காப்பி தீர்ந்து வெகுநேரமாகியும் டம்ளரை இறக்கவில்லை. இறக்கினால் சிரிப்பு தெரிந்துவிடும்.

“முட்டி முடியலீங்க. படி ஏறுனா உசுரு போகுது. இந்த வாட்டி நான் நிக்கலீன்னு தலைவர்கிட்டச் சொல்லிப்போட்டனுங்க,” என்றாள் அவள்.

“அப்பறம் தொகுதிய ஆரு பாக்கறது?” என்று டம்ளருக்குள்ளிருந்து கேட்டார்.

“ஆராச்சும் பாப்பாங்க. கச்சில ஆளா இல்ல?”

அந்த ஆராச்சுமில் தானும் சேர்த்தியா என்று தெரிந்துகொள்ள அவள் முகத்தைப் பார்த்தார். அதற்குள் அவள் செல்போனை எடுத்துக் குடிநீர் வாரியத்து இன்ஜினியரோடு பேசத் தொடங்கிவிட்டாள். “ஏனுங்க சார், அந்தக் குழாயப் பத்தி நான் இன்னொருக்கா கேக்கற மாதிரி வெச்சுப்போடாதீங்க.” குரலில் ஒரு சூடும் இல்லை. ஆனால் இந்த ஒரு வாக்கியத்துக்கு மாவட்டத்திலிருக்கிற அதிகாரிகள் எல்லோரும் நடுங்குவார்கள். சுப்பண்ணன் அதே வாக்கியத்தைத் தோட்டத்து ஆட்களிடம் சொல்லிப் பார்த்திருக்கிறார். யாரும் நடுங்கவில்லை. “சேரிங்க” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

குழந்தையம்மாள் ஒரு தடவை ஒன்றியத் தலைவர், நாலு தடவை சட்டமன்ற உறுப்பினர், இரண்டு தடவை அமைச்சர். பொள்ளாச்சிப் பக்கம் ‘அம்மா வருதாமா’ என்று யாராவது சொன்னால், பெற்ற அம்மாவா இந்த அம்மாவா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். சுப்பண்ணனுக்கு அப்படி அடுக்கிச் சொல்ல ஒன்றுமில்லை. அவர் அமைச்சர் ஊட்டுக்காரர், அதாவது அமைச்சரின் புருஷன். கல்யாணப் பத்திரிகையில் ‘மாண்புமிகு அமைச்சர் குழந்தையம்மாள் குடும்பத்தார்’ என்று போடுவார்கள். அந்தக் குடும்பத்தாருக்குள் அவரும், சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற மகன் அருள்குமாரும், வாசலில் கட்டியிருக்கிற நாயும் அடக்கம்.

இத்தனைக்கும் இந்த வினையை இழுத்துவிட்டுக்கொண்டது அவரேதான். முப்பது வருஷத்துக்கு முன்னால் அந்தப் பக்கத்தில் கட்சி என்றால் சுப்பண்ணன்தான். பசை வாளியை சைக்கிளில் மாட்டிக்கொண்டு ஊர் ஊராகச் சுவரொட்டி ஒட்டியவர். எதிர்க்கட்சிக்காரனிடம் அடி வாங்கியவர். ஒன்றியத் தலைவர் பதவி தனக்குத்தான் என்று பதவியேற்புக்குச் சட்டைகூடத் தைத்து வைத்திருந்தார். அந்த நேரம் பார்த்து அரசாங்கம் அந்த ஒன்றியத்தைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டது. அப்போது எல்லா ஊரிலும் ஆண்கள் செய்த காரியத்தைத்தான் அவரும் செய்தார். வீட்டுக்காரியை நிறுத்துவது, ஜெயித்த பிறகு நாற்காலியில் தான் உட்கார்ந்துகொள்வது. தம்பி பெண்டாட்டியை நிறுத்தலாமா என்றும் ஒரு யோசனை இருந்தது. ஆனால் அவள் பத்தாவது படித்தவள், கொஞ்சம் வாய்த்துடுக்கு. குழந்தையம்மாள் எட்டாவதோடு நின்றவள். எதைக் கேட்டாலும் ‘ஆமாங்க’, ‘இல்லீங்க’ தவிர மூன்றாவது வார்த்தை வராது. வாயில்லாப் பூச்சியாகப் பார்த்துப் பொறுக்கி எடுத்தார். தன் வாழ்க்கையில் இவ்வளவு நிதானமாக யோசித்து அவர் வேறெந்தத் தப்பும் செய்ததில்லை.

ஆரம்பத்தில் எல்லாம் நினைத்தபடிதான் நடந்தது. ஒன்றிய அலுவலகத்தில் அவளுக்குப் பக்கத்தில் இவருக்கும் ஒரு நாற்காலி போட்டார்கள். அதிகாரிகள் கோப்பை இவர் முன்னால் விரித்து இவரைத்தான் ‘தலைவரே’ என்று கூப்பிட்டார்கள். இவர் விரல் வைத்த இடத்தில் அவள் கையெழுத்துப் போட்டாள். பிறகு மாவட்டத்துக்கு ஒரு புது கலெக்டர் வந்தார். கூட்ட அறையில் உறுப்பினர்களின் சொந்தக்காரர்கள் யாரும் இருக்கக்கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டார். சுப்பண்ணன் வெளியே தாழ்வாரத்து பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். உள்ளே அவள் திணறுவாள், கூப்பிட்டு அனுப்புவாள் என்று காத்திருந்தார்.

கூப்பிடவில்லை. கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து ஒரு பெண்குரல் கேட்டது. மலையடிவாரத்தில் ஏதோ ஒரு சின்ன ஊர். அங்கே பொம்பளைகள் தண்ணீருக்கு எந்தப் பள்ளத்தில் இறங்கி எந்த மேட்டில் ஏறுகிறார்கள், இடுப்பில் குடத்தோடு வழுக்கி விழுந்தவள் பெயர் என்ன என்று அந்தக் குரல் நிறுத்தி நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. யார் இவ்வளவு நன்றாகப் பேசுகிறது என்று சுப்பண்ணன் எட்டிப் பார்த்தார். அவர் வீட்டுக்காரி. இத்தனை வார்த்தைகளை இவள் எங்கே வைத்திருந்தாள்? எட்டு வருஷம் கூடவே குடித்தனம் செய்தவனிடம் இதில் கால்வாசிகூடப் பேசினதில்லையே! உள்ளே கைதட்டினார்கள். அவருக்கு வயிறு எரிந்தது. அன்றைக்குப் பற்றிய நெருப்பு அப்புறம் அணையவே இல்லை.

அடுத்த சட்டமன்றத் தேர்தலில் கட்சி அவளைக் கேட்டு வாங்கி நிறுத்தியது. முதல் தேர்தலில் பேனரில் இவர் படம்தான் பெரிது. அடுத்ததில் இரண்டும் சமம். அதற்கடுத்ததில் இவரை ஒரு வட்டத்துக்குள் போட்டு மூலையில் ஒதுக்கினார்கள். போன தேர்தலில் அந்த வட்டத்தில் வேறு யாரோ இருந்தான். விசாரித்தால், பேனருக்குப் பணம் கொடுத்தவனாம்.

அவள் அமைச்சரானதும் வீட்டுக்குக் காவல்துறைக்காரர்கள் வந்தார்கள், சிவப்பு விளக்கு வைத்த கார் வந்தது, கிருபாசங்கர் என்று ஒரு உதவியாளன் வந்தான். அவனுக்கு மரியாதை தெரியும். “அய்யா, அம்மா இப்ப மீட்டிங்ல இருக்கறாங்க. முடிஞ்சதும் உங்களைய உள்ள விடறனுங்க,” என்று எழுந்து நின்று கைகட்டிச் சொல்லுவான். சொந்த வீட்டில், சொந்தப் பெண்டாட்டியைப் பார்க்க. சுப்பண்ணன் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார். உள்ளுக்குள் அவன் கழுத்தை நெரிப்பார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் நெஞ்சுவலி வந்து கோயமுத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். பார்க்க வந்த கூட்டம் தாங்கவில்லை. அவருக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. வந்தவர்கள் ஆப்பிள் பையைக் கட்டிலடியில் வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, “அம்மா எத்தன மணிக்கு வருவாங்கொ?” என்று கேட்டார்கள். ஒருத்தர் மகனுக்கு வேலை கேட்டு மனுவை, மருந்து ஏறிக்கொண்டிருந்த கையிலேயே திணித்துவிட்டுப் போனார். அவள் வந்தபோது டாக்டர்களெல்லாம் ஓடி வந்தார்கள். வலி இவருக்கு, விசாரிப்பெல்லாம் அவளுக்கு. “நீங்க நேரத்துக்குச் சாப்பிடறதில்லீங்க மேடம், உடம்பப் பாத்துக்கணும்,” என்று ஒரு பெரிய டாக்டர் அவளிடம் சொன்னதைக் கேட்டபடி சுப்பண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று எல்லோரும் மெதுவாக வெளியே போனார்கள்.

அப்படிப்பட்ட மனுஷனுக்கு இப்போது கதவு திறந்திருக்கிறது. அவள் நிற்கவில்லை. தொகுதி காலி. இனி சுப்பண்ணன்தான் நிற்க வேண்டும். நின்று ஜெயித்துச் சட்டசபைக்குப் போக வேண்டும். அவள் வீட்டில் உட்கார்ந்து தொலைக்காட்சியில் தன்னைப் பார்க்க வேண்டும். அதுவும் எப்படி? முட்டியில் தைலத்தைத் தேய்த்துக்கொண்டே பார்க்க வேண்டும். இதைத் தவிர இந்த அறுபத்தெட்டு வயதில் அவருக்கு வேறு ஆசை கிடையாது.

அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் தலைவரிடம் சிபாரிசு செய்கிறேன் என்பாள். அவள் சிபாரிசில் வருகிற சீட்டு அவருக்கு எதற்கு? கட்சிக்கு உழைத்தவன் என்று தன் பெயருக்கு வர வேண்டும். யாருக்கும் தெரியாமல் ஆள் வைத்து விருப்ப மனு கொடுத்தார். நேர்காணலுக்குச் சென்னைக்கு வரச்சொல்லித் தகவல் வந்ததும், “அம்மணி, திருப்பதிக்கு ஒரு எட்டுப் போயிட்டு வாரேன். ஒரு வேண்டுதல்,” என்றார்.

“போயிட்டு வாங்க. நல்லபடியா கும்பிட்டுட்டு வாங்க,” என்று அவளே துணியை எடுத்து வைத்தாள்.

சென்னையில் விடுதி அறையில் பையைத் திறந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு கட்சிக் கரை போட்ட புது வேட்டி இருந்தது. திருப்பதிக்கு எதற்குக் கட்சி வேட்டி? இவளுக்குப் புத்தி எப்போதும் கட்சியிலேதான் என்று சலித்துக்கொண்டார். ஆனாலும் அதையே கட்டிக்கொண்டு போனார்.

கட்சி அலுவலகத்தில் தொகுதிக்கு ஆசைப்பட்டவர்களை எல்லாம் ஒன்றாக உட்கார வைத்திருந்தார்கள். கோயமுத்தூர் மில்காரர் பாலகோபாலும் வந்திருந்தார். இவரைப் பார்த்ததும், “அம்மாவுங்களா அனுப்புச்சாங்க?” என்று கேட்டார். “நானாத்தான் வந்தனுங்க,” என்று சுப்பண்ணன் விறைப்பாகச் சொன்னார்.

உள்ளே போன பாலகோபால் வியர்த்து வழிய வெளியே வந்தார். எந்தெந்த ஊரில் எந்தச் சாதி எவ்வளவு, போன தடவை எந்தப் பூத்தில் ஓட்டு குறைந்தது, ஏன் குறைந்தது என்று துளைத்து எடுத்துவிட்டார்களாம். சுப்பண்ணனுக்குத் தைரியம் வந்தது. அந்தத் தொகுதியில் அவர் பசை தடவாத சுவர் இல்லை. கேட்கட்டும், எல்லாவற்றையும் கேட்கட்டும். ஒவ்வொன்றுக்கும் பதில் இருக்கிறது.

உள்ளே தலைவரும் கட்சியின் மூத்தவர்கள் ஐந்தாறு பேரும் நீள மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். இவரைக் கண்டதும் எல்லோர் முகத்திலும் சிரிப்பு.

“வாங்கண்ணே, உக்காருங்க,” என்றார் தலைவர். “காப்பி சாப்பிடுறீங்களா?”

“இருக்கட்டுங்க. கேள்விய கேளுங்க.”

“உங்கள என்னண்ணே கேக்குறது? அம்மாதான் போன மாசமே வந்து எல்லாத்தையும் சொல்லிட்டாங்களே.”

சுப்பண்ணன் நாற்காலி நுனிக்கு வந்தார். “என்னங்க சொன்னாங்க?”

“நான் ஒதுங்கிக்கிறேன், அவருக்குக் குடுங்கன்னாங்க. முட்டி வலியெல்லாம் வெளிய சொல்றதுக்கு. முப்பது வருஷமா அந்த மனுஷன் வாய் விட்டுக் கேக்காம மனசுக்குள்ளயே வச்சுக்கிட்டிருக்காருன்னு சொல்லி அழுதுட்டாங்கண்ணே.” தலைவர் நிறுத்திவிட்டு, வாஞ்சையோடு இன்னொன்றும் சொன்னார். “நீங்க குளிக்கிறப்போ, ‘சுப்பண்ணன் எனும் நான்’னு பதவிப்பிரமாணம் எடுத்துப் பழகுவீங்களாமே? வெளியில நின்னு கேட்டுருக்காங்க. அதக் கேட்டதுக்கப்புறம் எனக்கு இந்த நாற்காலில உக்கார மனசு வரலைன்னாங்க.”

மேசைக்குப் பின்னாலிருந்தவர்கள் சிரித்தார்கள். கேலிச் சிரிப்பு அல்ல, நல்ல சிரிப்புதான். அதுதான் இன்னும் பொறுக்க முடியாததாக இருந்தது.

உண்மைதான். அவள் முதன்முதலாக அமைச்சராகப் பதவியேற்று வந்த மறுநாளிலிருந்து அவர் அப்படிச் சொல்லி வருகிறார். தண்ணீரை வேகமாகத் திறந்துவிட்டுத்தான் சொல்லுவார். அதுவும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்து, கேட்டு, இரக்கப்பட்டு, கட்சி அலுவலகத்தில் வந்து சொல்லி அழுதும் இருக்கிறாள். தான் உடுத்தியிருந்த வேட்டியைக் குனிந்து பார்த்தார். இதையும் அவள்தான் எடுத்து வைத்திருக்கிறாள். ஒதுங்குகிற பெருமையும் அவளுக்கு, கொடுக்கிற பெருமையும் அவளுக்கு. அவள் தூக்கிப் போடுவதைப் பொறுக்கிக்கொள்கிற வேலை மட்டும் இவருக்கு.

“அப்ப உங்க பேரையே போட்டுடலாம்ல?” என்றார் தலைவர்.

சுப்பண்ணன் எழுந்தார். மேசையைத் தட்டிக் கத்த வேண்டும் போலிருந்தது. ஆனால் கொங்கு நாட்டில் பிறந்துவிட்டால் கோபமும் மரியாதை போட்டுத்தான் வருகிறது.

“வேண்டாங்க,” என்றார். “எனக்கு வேண்டாங்க. அவங்களே நிக்கட்டுங்க.”

“அண்ணே...”

“அவங்களே நிக்கட்டுங்க. நான் வாரனுங்க.” கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆத்திரத்தில் வந்த தண்ணீர். அதைத் துடைத்துக்கொண்டு கும்பிடு போட்டார்.

தலைவர் நாற்காலியை விட்டு எழுந்து வந்து அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். “இந்தக் காலத்துல இப்படி ஒரு மனுஷனா!” என்றார். மூத்தவர்களில் ஒருவர் மூக்கைச் சிந்தினார். சுப்பண்ணன் கையை உருவிக்கொண்டு விடுவிடுவென்று வெளியே வந்துவிட்டார்.

கோயமுத்தூர் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்தபோது மனசு திருப்தியாகத்தான் இருந்தது. அவள் கொடுத்ததை வேண்டாம் என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்லியாயிற்று. வாழ்க்கையில் முதல்தடவையாக அவளை ஜெயித்தாயிற்று. சாப்பாட்டுப் பொட்டலத்தை வாங்கி ரசித்துச் சாப்பிட்டார். ஈரோடு தாண்டும்போது மகன் அருள்குமார் போன் செய்தான்.

“அப்பா, பட்டியல் வந்துருச்சுங்க. மறுபடியும் அம்மாதானுங்க. ஊடு பூரா கூட்டம். நீங்க திருப்பதில இருந்து எப்ப வாரீங்க?”

போனை வைத்த பிறகுதான் தான் செய்து வைத்திருப்பது என்ன என்று அவருக்கு உறைத்தது. இன்னும் ஐந்து வருஷம். இன்னும் ஐந்து வருஷம் அவள் கார், அவள் கூட்டம், அவள் கைதட்டல். இன்னும் ஐந்து வருஷம் கிருபாசங்கர் எழுந்து நின்று கைகட்டுவான். கையில் கொடுத்த சீட்டைத் திருப்பி அவள் கையிலேயே திணித்துவிட்டு வந்தது வேறு யாருமில்லை. முன்பொரு காலத்தில் வாயில்லாப் பூச்சியைப் பொறுக்கி எடுத்த அதே புத்திசாலிதான். பக்கத்து இருக்கைக்காரர், “உடம்புக்கு முடியலீங்களா?” என்று கேட்டார். “ஒண்ணுமில்லீங்க, வெக்கை,” என்றார் சுப்பண்ணன்.

வீட்டு வாசலில் வெடித்த பட்டாசுத் தாள் கணுக்கால் உயரத்துக்குக் கிடந்தது. கூட்டம் இவருக்கு வழிவிட்டது. வழக்கமாக விடுவதைவிட அகலமாகவே விட்டது. அதை அவர் கவனிக்கவில்லை. உள்ளே குழந்தையம்மாள் எல்லோரையும் வெளியே இருக்கச் சொல்லிவிட்டு அறைக் கதவைச் சாத்தினாள். கோபமாக ஏதோ கேட்கப்போகிறாள் என்று அவர் தயாரானார். கேட்டால் மனசிலிருக்கிற அத்தனையையும் கொட்டிவிடுவது என்று முடிவோடு நின்றார்.

அவள் முட்டியைப் பிடித்துக்கொண்டு, முகத்தைச் சுளித்துக் குனிந்து, அவர் காலைத் தொட்டாள்.

“என்ன அம்மணி இது, எந்திரி,” என்று பதறிப்போனார்.

“தலைவர் எல்லாம் சொன்னாருங்க. எனக்கு வேண்டாம், அவளே நிக்கட்டும்னு கண்ணுல தண்ணி வெச்சீங்களாமா.” அவள் எழாமலே அழுதாள். “நான் பாவிங்க. இத்தன வருசமா உங்களையத் தப்பா நெனச்சுப்போட்டனுங்க.”

“என்ன நெனச்ச?”

“உங்களுக்கு எம்மேல பொறாமைன்னு நெனச்சிருந்தனுங்க.”

சொல்வதற்கு இதைவிட நல்ல சமயம் வாய்க்காது. ஆமாம், பொறாமைதான், இப்போதும் பொறாமைதான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சுப்பண்ணன் வாயைத் திறந்தார். அழுத முகத்தோடு அவள் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இன்றுவரை அவள் இவரை அப்படிப் பார்த்ததில்லை. மரியாதையாகப் பார்த்திருக்கிறாள், பயத்தோடு பார்த்திருக்கிறாள், அப்புறம் இரக்கத்தோடும் பார்த்திருக்கிறாள். இது வேறு.

“உனக்கு வெவரம் பத்தாது,” என்று மட்டும் சொன்னார்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போனாள். கொஞ்ச நேரத்தில் மைக்கில் அவள் குரல் கேட்டது. தன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தன் வீட்டுக்காரரைப் பற்றியே பேசினாள். கையில் வந்த பதவியைப் பெண்டாட்டிக்காக வேண்டாமென்று சொல்லிவிட்டு வந்த மனுஷனைப் பற்றி, முப்பது வருஷம் தன் நிழலில் முகம் கோணாமல் நின்றவரைப் பற்றி, அந்த மலையடிவாரத்து ஊரைப் பற்றிச் சொன்ன அதே நிறுத்தத்தோடும் நிதானத்தோடும் சொன்னாள். பொம்பளைகள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கூட்டத்தில் யாரோ “சுப்பண்ணன்” என்று குரல் கொடுத்தான். “வாழ்க!” என்றது கூட்டம். மறுபடியும் “சுப்பண்ணன்!” மறுபடியும் “வாழ்க!” தெருவே அதிர்ந்தது.

முப்பது வருஷமாக அவர் காது ஏங்கிக் கிடந்த சத்தம். சுப்பண்ணன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டார். எவ்வளவு நல்ல மனுஷன் அந்தச் சுப்பண்ணன்! எவ்வளவு பெரிய மனசு! அவனுக்காக எத்தனை பேர் அழுகிறார்கள், அவள் எப்படி அழுகிறாள்! எங்கிருந்தோ ஒரே நாளில் வந்து, அவர் வீட்டுக்காரியின் மனசையும் பிடித்து, இத்தனை கைதட்டலையும் வாங்கிக்கொண்டு போகிறான் ஒருத்தன்.

அவருக்கு வயிறு எரிந்தது.